டேக்கிளை எண்ணி மால்டினியை அளக்க முடியுமா?

நீங்கள் கேட்டிருப்பது பார்வைக்கு ஒரு புள்ளிவிவரக் கேள்வி. இத்தாலியக் கால்பந்து வீரர் பாவ்லோ மால்டினி இரண்டு ஆட்டத்துக்கு ஒரு டேக்கிள்தான் (எதிராளியின் காலிலிருந்து பந்தைப் பறிப்பது) போட்டார் என்று எங்கு பார்த்தாலும் பகிர்கிறார்களே, அது உண்மையா? உண்மை என்றால், உலகக் கோப்பையும் வாங்காத, ஆண்டின் சிறந்த வீரருக்கான பாலன் டி'ஓர் விருதும் வாங்காத ஒருவரை எப்படி உலகின் மிகச் சிறந்த டிஃபெண்டர் என்கிறார்கள்? நீங்கள் எழுதியது இவ்வளவுதான். ஆனால் கடைசி வரியில் போகிறபோக்கில் ஒன்று சொல்லியிருக்கிறீர்கள். உங்களுக்குப் பதினேழு வயது, லெஃப்ட் பேக் (பின்களத்தின் இடப்பக்கத் தற்காப்பு வீரர்) ஆடுகிறீர்கள், ஒவ்வொரு ஆட்டம் முடிந்ததும் உங்கள் பயிற்சியாளர் நீங்கள் போட்ட டேக்கிளை எண்ணிச் சொல்கிறார், அந்த எண் குறைவாக இருந்தால் அடுத்த ஆட்டத்தில் வெளியே உட்கார வைக்கிறார். ஆகவே உங்கள் கேள்வி மால்டினியைப் பற்றியது மட்டுமில்லை என்று நினைக்கிறேன். வேலையை ஒழுங்காகச் செய்தால் கண்ணுக்கு எதுவுமே தெரியாமல் போகிற ஓர் இடத்தில் ஆடுகிறவனை எதை வைத்து மதிப்பிடுவது என்பதுதான் உங்களை உறுத்துகிறது. அதற்குத்தான் இந்தப் பதில்.

நான் யார் என்று இரண்டு வரி சொல்லிவிடுகிறேன். சிறு வயதில் பின்களத்தில் ஆடினேன். பிறகு பல ஆண்டுகளாக உங்கள் வயதுப் பையன்களுக்கும் பெண்களுக்கும் தற்காப்பு ஆட்டம் சொல்லிக்கொடுத்து வருகிறேன். மால்டினியின் பிற்கால ஆட்டங்களை நேரலையில் பார்த்தேன். முற்கால ஆட்டங்களைப் பதிவுகளில்தான் பார்த்தேன். இரண்டுமே தொலைக்காட்சி வழியாகத்தான். இதில் ஒரு குறை இருக்கிறது, அதை மறைக்க விரும்பவில்லை. கேமரா பந்தின் பின்னாலேயே ஓடும். ஒரு லெஃப்ட் பேக்கின் வேலையில் பெரும்பங்கு, பந்து வலப்பக்கம் இருக்கும்போதுதான் நடக்கிறது. அப்போது அவர் திரையிலேயே இருக்க மாட்டார். எனவே அவர் ஆட்டத்தைப் பற்றி நான் சொல்வதில் பாதி, கேமரா அவர் பக்கம் திரும்பும்போது அவர் ஏற்கெனவே எங்கே நின்றுகொண்டிருந்தார் என்பதிலிருந்து ஊகித்தது.

இனி அந்த எண். அதை நம்ப வேண்டாம் என்பதே என் கருத்து. மால்டினி ஏசி மிலான் அணிக்காக ஆடத் தொடங்கியது 1985 ஜனவரியில். கடைசி ஆட்டம் 2009 மே மாதத்தில். ஒரு லீக்கின் எல்லா ஆட்டங்களிலும் ஒவ்வோர் அசைவையும் உட்கார்ந்து பதிவு செய்யும் வழக்கம் 1990-களின் பிற்பாதியில் இங்கிலாந்தில் வேரூன்றி, பிறகு மெல்லப் பரவியது. அவருடைய வாழ்க்கையின் முதல் பத்து ஆண்டுகளுக்கு, அதாவது அவர் உடல் வேகத்தின் உச்சத்தில் இருந்த காலத்துக்கு, அப்படிப்பட்ட முழுமையான கணக்கு கிடையாது. இல்லாத கணக்கிலிருந்து சராசரி எடுக்க முடியாது. அதோடு எது டேக்கிள் என்பதிலேயே ஒருமித்த கருத்து இல்லை. பந்தைக் கைப்பற்றினால் மட்டும் டேக்கிளா, வெளியே தட்டிவிட்டாலும் டேக்கிளா, முயன்று தோற்றதையும் சேர்ப்பதா என்று கணக்கெடுப்பவருக்குக் கணக்கெடுப்பவர் மாறும்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். மால்டினி டேக்கிளே போடாதவர் என்ற சித்திரமே தவறு. அவருடைய பழைய ஆட்டங்களை எடுத்துப் பாருங்கள். சறுக்கிப் போடும் டேக்கிளை அவ்வளவு சுத்தமாகச் செய்தவர்கள் குறைவு. ஓடிக்கொண்டே, எதிராளியின் காலைத் தொடாமல், பந்தை மட்டும் கொக்கி போட்டதுபோல் வளைத்து எடுத்து, அதே அசைவில் எழுந்து நின்று பந்தோடு போவார். இடக்காலிலும் செய்வார், வலக்காலிலும் செய்வார். எப்போது போட வேண்டும் என்பதில்தான் அவர் கறாராக இருந்தார்.

இதோடு சேர்த்துப் பகிரப்படும் ஒரு வாசகம் உண்டு, நீங்களும் பார்த்திருப்பீர்கள். டேக்கிள் போட வேண்டிய நிலை வந்துவிட்டால் அதற்கு முன்பே தான் ஏதோ தப்புச் செய்திருக்கிறேன் என்று அவர் சொன்னதாக ஒன்று. எந்தப் பேட்டி, எந்த ஆண்டு என்ற விவரத்தோடு அது பகிரப்பட்டு நான் பார்த்ததில்லை. ஆகவே அவர் வாயிலிருந்து வந்தது என்று சத்தியம் செய்ய மாட்டேன். ஆனால் அந்த எண்ணம் இத்தாலியத் தற்காப்புப் பயிற்சிக்கு அந்நியமானதில்லை. உங்கள் வயதில் அதை எழுத்துக்கு எழுத்து எடுத்துக்கொண்டால் ஆபத்தும் உண்டு. அதைப் படித்துவிட்டு வந்த பையன்கள் இரண்டு மூன்று பேரை எனக்குத் தெரியும். விங்கர், அதாவது பக்கவாட்டில் தாக்கும் எதிரணி வீரர், பந்தோடு வரவர இவர்கள் பின்வாங்கிக்கொண்டே போவார்கள், கடைசியில் தங்கள் பெனால்டி பகுதிக்குள் போய் நிற்பார்கள். டேக்கிள் போடவில்லைதான், ஆனால் எதிராளி நிதானமாகத் தலை நிமிர்ந்து பார்த்து கோல் அடித்துவிட்டுப் போயிருப்பான்.

சரி, மால்டினி என்னதான் செய்தார்? இதைத்தான் கொஞ்சம் நிதானமாகச் சொல்ல விரும்புகிறேன், ஏனென்றால் உங்களுக்குப் பயன்படப்போவது இதுதான். எதிரணி வீரர் ஒருவர் விங்கருக்குப் பந்தை உதைக்கிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். பந்து காலை விட்டுக் கிளம்பி விங்கரின் காலைச் சேரும்வரை ஒரு நொடியோ ஒன்றரை நொடியோ ஆகும். அந்த நேரம் முழுக்க டிஃபெண்டருக்குச் சொந்தம், ஏனென்றால் அப்போது பந்து யாரிடமும் இல்லை. சாதாரண டிஃபெண்டர் பந்தின் பயணத்தைப் பார்த்துக்கொண்டு நிற்பார், விங்கர் அதை அடக்கிய பிறகு அவரை நோக்கிப் பாய்வார். மால்டினி பந்து கிளம்பும்போதே கிளம்பிவிடுவார். விங்கரின் கால் பந்தைத் தொடும் கணத்தில் ஓட்டத்தை அடக்கி, நின்றிருப்பார். அந்த நிறுத்தம்தான் வித்தை. ஓடிவரும் டிஃபெண்டரை ஏமாற்றுவது எளிது. ஒரு பக்கம் பாசாங்கு காட்டினால் அவருடைய வேகமே அவரைத் தூக்கிக்கொண்டு போய்விடும். நின்றுவிட்டவரை ஏமாற்ற விங்கர் புதிதாக ஏதாவது செய்தாக வேண்டும்.

அவர் நின்ற விதத்தையும் கவனியுங்கள். நெஞ்சை நேராக விங்கருக்குக் காட்டி நிற்க மாட்டார். உடல் பாதி திரும்பியிருக்கும், ஒரு கால் முன்னே, ஒரு கால் பின்னே, எடை முன்பாதத்தில். கிட்டத்தட்ட ஒரு கை நீட்டும் தூரம். அந்த நிற்பிலேயே ஒரு வழி அடைபட்டு, ஒரு வழி திறந்திருக்கும். திறந்திருப்பது பெரும்பாலும் பக்கக்கோட்டை ஒட்டிய வழி, ஆபத்துக் குறைந்த வழி. விங்கர் தான் தேர்ந்தெடுத்து ஓடுவதாக நினைப்பார், ஆனால் அந்த ஓட்டத்தை முன்கூட்டியே தீர்மானித்தவர் எதிரே நிற்பவர். பந்து காலிலிருந்து ஓர் அடி கூடுதலாகத் தள்ளிப்போகும் கணத்தில் மால்டினியின் தோள் இடையே புகுந்துவிடும். அதன்பின் பந்து அவருடையது. இதைக் கணக்கெடுப்பவர் டேக்கிள் என்று எழுதுவாரா, கைப்பற்றல் என்று எழுதுவாரா, எதுவும் எழுதாமல் விடுவாரா? அதைவிட முக்கியமான ஒன்றுக்குக் கணக்கேட்டில் இடமே இல்லை. பந்தை அனுப்ப நினைத்த நடுகள வீரர் நிமிர்ந்து பார்க்கிறார், விங்கரின் பக்கத்தில் மால்டினி நிற்கிறார், பந்தை வேறு பக்கம் திருப்பிவிடுகிறார். வருமுன் காப்பது என்பது இதுதான்.

இதெல்லாம் பிறவியில் வந்ததா, அணி கொடுத்ததா என்று கேட்டால் பிரித்துச் சொல்வது கடினம். உறுதியாகத் தெரிந்ததைச் சொல்கிறேன். அவர் 1968 ஜூன் 26 அன்று மிலான் நகரில் பிறந்தவர். தந்தை சேசரே மால்டினி, 1963-ல் லண்டன் வெம்ப்ளியில் பென்ஃபிகாவை 2-1 என்று வென்று ஐரோப்பியக் கோப்பையை (இன்றைய சாம்பியன்ஸ் லீக்) தூக்கிய மிலான் அணியின் கேப்டன். பந்தைப் பார்ப்பதற்கு முன் ஆளைப் பார், ஆளைப் பார்ப்பதற்கு முன் இடத்தைப் பார் என்பதெல்லாம் அந்த வீட்டில் சாப்பாட்டு மேசைப் பேச்சாக இருந்திருக்கலாம் என்பது என் ஊகம். பாவ்லோ பத்து வயதில் மிலானின் இளையோர் அணியில் சேர்ந்தார். 1985 ஜனவரி 20 அன்று, உடினேசே அணிக்கு எதிராக உடினே நகரில், பயிற்சியாளர் நில்ஸ் லீட்ஹோல்ம் இடைவேளையில் அவரை இறக்கினார். வயது 16.

1987-ல் அரிகோ சாக்கி பயிற்சியாளராக வந்தார். அதுவரை இத்தாலியில் பெரும்பாலான அணிகள் ஆளுக்கு ஆள் பிடித்துக் காத்தன. பின்னால் ஒருவர் மிச்சத்தைக் கூட்டிப் பெருக்குவார். சாக்கி அதை மாற்றினார். நான்கு பின்கள வீரர்களும் ஒரே கோட்டில், பந்தோடு சேர்ந்து ஏறி இறங்க வேண்டும். எங்கே நிற்பது என்பதைப் பந்து, வெற்றிடம், சக வீரர், எதிராளி என்ற நான்கையும் பார்த்து முடிவு செய்ய வேண்டும். எதிரணியே இல்லாமல், பந்து இந்த இடத்தில் இருப்பதாக வைத்துக்கொள்ளுங்கள் என்று சொல்லி மணிக்கணக்கில் நகரவைத்துப் பழக்கினார். தஸ்ஸோட்டி, கோஸ்டகுர்தா, ஃபிரான்கோ பரேசி, மால்டினி என்ற அந்த வரிசையில் கடைக்குட்டி மால்டினிதான். 1987-88 பருவத்தில் 30 லீக் ஆட்டங்களில் அந்த அணி வாங்கிய கோல்கள் 14. ஃபபியோ கபெல்லோ பயிற்சியாளராக இருந்த 1993-94 பருவத்தில் 34 ஆட்டங்களில் 15. அந்த ஆண்டு மிலான் அடித்ததே 36 கோல்கள்தான், அதை வைத்துக்கொண்டே லீக் பட்டம் வென்றது.

இங்கே உங்களைப் போலவே எனக்கும் ஒரு சந்தேகம் எழுந்ததுண்டு. இப்படி ஒரு இயந்திரத்துக்குள் யாரை நிறுத்தினாலும் நன்றாகத்தானே தெரிவார்? பக்கத்தில் பரேசி மாதிரி ஒருவர் கோட்டை ஏற்றி இறக்கிக்கொண்டிருந்தால் பாதி வேலை முடிந்துவிடுமே? நியாயமான சந்தேகம். இதைத் தீர்க்க எனக்குக் கிடைத்த ஒரே வழி, அந்த இயந்திரம் பிரிந்துபோன இடங்களில் அவரைப் பார்ப்பதுதான்.

அப்படி ஓர் இரவு 1994 மே 18, ஏதென்ஸ். சாம்பியன்ஸ் லீக் இறுதி ஆட்டம். எதிரே யோஹான் கிரைஃப் பயிற்றுவித்த பார்சிலோனா. முன்களத்தில் ரொமாரியோவும் ஸ்டாய்ச்கோவும். மிலானுக்குப் பரேசியும் கோஸ்டகுர்தாவும் தடை காரணமாக ஆட முடியாது. நடு இரண்டு தூண்களும் இல்லை. கபெல்லோ மால்டினியை லெஃப்ட் பேக் இடத்திலிருந்து எடுத்து, நடுவில் ஃபிலிப்போ கல்லியின் பக்கத்தில் நிறுத்தினார். இடப்பக்கம் இளைஞர் பனூச்சி போனார். பார்சிலோனா வெல்லும் என்றே பரவலாக எதிர்பார்த்தார்கள். மிலான் 4-0 என்று வென்றது. மஸ்ஸாரோவின் இரண்டு கோலும் சவிசெவிச்சின் தூக்கிப்போட்ட கோலும் எல்லோர் நினைவிலும் இருக்கும். ரொமாரியோ அன்று எப்படி அடங்கிப்போனார் என்பதைப் பேசுவோர் குறைவு. ரொமாரியோ நின்ற இடத்திலிருந்து இரண்டே அடியில் உச்ச வேகத்துக்குப் போய்விடுபவர். அவரிடம் பாய்ந்து டேக்கிள் போட்டால் முடிந்தது கதை. மால்டினி அவருக்குப் பந்து காலுக்கு வரும் வழிகளை அடைத்தார். அதன்பிறகும் பந்து வந்தால், திரும்ப விடாமல் முதுகோடு ஒட்டி நின்றார். ஒரு பக்கவாட்டு வீரர், அவ்வளவு பெரிய ஆட்டத்தில், வேறு இடத்தில், தன் தலைவர் இல்லாமல் ஆடியது அது. அமைப்பு அவரைத் தூக்கி நிறுத்தியது என்ற வாதம் என் மனத்தில் அங்கேதான் உடைந்தது.

இன்னொரு விஷயமும் உண்டு, நீங்கள் லெஃப்ட் பேக் என்பதால் சொல்கிறேன். மால்டினி பிறவியில் வலக்கால் ஆட்டக்காரர். வலப்பக்கத்தில் தஸ்ஸோட்டி இருந்ததால் இடப்பக்கம் போனார், இடக்காலைப் பழக்கிப் பழக்கி, பார்ப்பவர்கள் அவரை இடக்கால்காரர் என்றே நினைக்கும் அளவுக்குக் கொண்டுவந்தார். பெரும்பாலான பயிற்சியாளர்கள் பலவீனமான காலைப் பழக்கச் சொல்வது கோல் அடிக்க. டிஃபெண்டருக்கு அது வேறு விதத்தில் முக்கியம். இரண்டு காலும் ஒரே அளவு நம்பகமாக இருந்தால்தான் எந்தப் பக்கமும் உடலைத் திருப்பி நிற்க முடியும். ஒரு கால் மட்டும் வலுவாக உள்ளவர் தன்னை அறியாமலே அந்தக் காலுக்கு வசதியாக நிற்பார், நல்ல விங்கர் அதை ஐந்து நிமிடத்தில் கண்டுபிடித்துவிடுவார்.

தோல்விகளையும் சொல்லாமல் விட்டால் இது பதிலாகாது. நீங்கள் உலகக் கோப்பை இல்லையே என்றீர்கள், உண்மைதான். 1990-ல் சொந்த நாட்டில் நடந்த உலகக் கோப்பையில் இத்தாலி ஏழு ஆட்டங்களில் வாங்கியது இரண்டே கோல். ஆனாலும் அரையிறுதியில் அர்ஜென்டினாவிடம் பெனால்டியில் வெளியேறியது. 1994 இறுதியில் பிரேசிலிடம், 120 நிமிடம் கோல் வாங்காமல் தாக்குப்பிடித்துவிட்டு, பெனால்டியில் தோல்வி. 1998 காலிறுதியில் பிரான்ஸிடம் மறுபடி பெனால்டி. அப்போது பயிற்சியாளர் தந்தை சேசரே, கேப்டன் மகன். நாடுகளுக்கு இடையிலான யூரோ 2000 இறுதியில் பிரான்ஸுக்கு எதிராகக் காயநேரம்வரை முன்னிலை, பிறகு வில்தோரின் சமன், த்ரெசெகேயின் தங்க கோல் (கூடுதல் நேரத்தில் விழுந்ததுமே ஆட்டத்தை முடித்துவிடும் கோல்). மூன்று உலகக் கோப்பைகளில் தொடர்ச்சியாகப் பெனால்டியில் வெளியேறிய அணியின் டிஃபெண்டர் ஒருவரிடம் கோப்பை எங்கே என்று கேட்பது எனக்குச் சரியாகப் படவில்லை. அந்த மூன்று ஆட்டங்களிலும் சேர்த்து இத்தாலி வாங்கியது ஒரே ஒரு கோல்.

அதே சமயம் அவருடைய சொந்தத் தவறுகளும் உண்டு. யூரோ 2000 அரையிறுதியில் நெதர்லாந்துக்கு எதிராக அவர் உதைத்த பெனால்டி தடுக்கப்பட்டது. இத்தாலியைக் காப்பாற்றியது அதன் கோல்கீப்பர் தோல்டோ. 2002 ஜூன் 18 அன்று தென்கொரியாவின் டேஜியோனில், 117-வது நிமிடத்தில் ஆன் ஜுங்-ஹ்வான் தலையால் முட்டிய தங்க கோல், மால்டினிக்கு மேலே எழும்பி அடித்தது. அந்த ஆட்டத்தின் நடுவர் முடிவுகளைப் பற்றி இத்தாலியர்கள் இன்றும் கொதிக்கிறார்கள். ஆனால் அந்தக் கடைசிப் பந்துக்கு நடுவர் காரணமில்லை. மால்டினியின் கண் பந்தின் மேல் இருந்தது, ஆன் பின்னாலிருந்து அவருக்கு முன்னே வந்தார், மால்டினி எழும்பியது அரை நொடி பிந்தி. இரண்டு மணிநேர ஆட்டத்துக்குப் பிறகு, 34 வயதை நெருங்குகிற கால்கள். அதுவே தேசிய அணிக்கான அவருடைய கடைசி ஆட்டமாகவும் ஆனது. மொத்தம் 126 ஆட்டங்கள், அதில் 74-ல் கேப்டன். நான்கு ஆண்டு கழித்து, 2006-ல், அவர் இல்லாத இத்தாலி உலகக் கோப்பையை வென்றது. நான்கு உலகக் கோப்பைகளில் 2,200 நிமிடங்களுக்கு மேல் ஆடி, உலகக் கோப்பைக் களத்தில் மிக அதிக நேரம் நின்றவர் என்ற சாதனை 2022-ல் மெஸ்ஸி தாண்டும்வரை மால்டினியிடம்தான் இருந்தது.

பொதுவாக ஒரு பக்கவாட்டு டிஃபெண்டர் 33, 34 வயதில் மெல்ல விலகிவிடுவார். வேகம் போய்விடும். மால்டினிக்கும் வேகம் போனது, முழங்கால்களும் தொல்லை கொடுத்தன. அவர் செய்தது, பக்கவாட்டிலிருந்து நடுவுக்கு நகர்ந்தது. அலெஸ்ஸாந்த்ரோ நெஸ்டா 2002-ல் மிலானுக்கு வந்ததும் இருவரும் நடுவில் ஜோடி சேர்ந்தார்கள். 2003-ல் மான்செஸ்டரில் யுவென்டஸுக்கு எதிரான சாம்பியன்ஸ் லீக் இறுதி, 120 நிமிடம் கோலில்லை, பெனால்டியில் மிலான் வென்றது. தந்தை அதே நாட்டில் கோப்பையைத் தூக்கி நாற்பது ஆண்டுக்குப் பிறகு மகன் தூக்கினார். 2005 இஸ்தான்புல் இறுதியில், நடுவில் ஆட ஸ்டாம் வந்திருந்ததால் மறுபடி லெஃப்ட் பேக். ஆட்டம் தொடங்கி ஒரு நிமிடம் முடியும் முன்பே பிர்லோவின் ஃப்ரீகிக்கில் வலக்காலால் கோல் அடித்தார். இடைவேளையில் 3-0. பிறகு லிவர்பூல் ஆறே நிமிடத்தில் மூன்று கோல் போட்டுச் சமன் செய்து பெனால்டியில் வென்றது. அந்த ஆறு நிமிடத்தை நான் எத்தனையோ முறை ஓட்டிப் பார்த்துவிட்டேன். அனுபவத்தில் குறையே இல்லாத ஒரு பின்வரிசை, ஒரே நேரத்தில் கோட்டை எங்கே வைப்பது என்று தெரியாமல் தடுமாறியது. கேப்டன் என்ற முறையில் மால்டினிக்கும் அதில் பங்கு உண்டு என்றுதான் சொல்வேன். இரண்டு ஆண்டு கழித்து, 2007-ல் ஏதென்ஸில், அதே லிவர்பூலை 2-1 என்று வென்றார்கள். அப்போது அவர் நடுவில், வயது 38.

இவை எல்லாம் சேர்ந்து கிடைக்கும் கணக்கு: 25 பருவங்கள், ஒரே அணி, 902 அதிகாரப்பூர்வ ஆட்டங்கள், அதில் இத்தாலிய முதல்நிலை லீக்கான சீரி ஆ-வில் மட்டும் 647, அந்தச் சாதனையை 2020-ல்தான் புஃபோன் முறியடித்தார். ஏழு லீக் பட்டம். ஐரோப்பியக் கோப்பையின் எட்டு இறுதி ஆட்டம், ஐந்து வெற்றி. முதல் வெற்றி 1989-ல் இருபது வயதில், கடைசி 2007-ல். டேக்கிள் எண்ணிக்கை போலன்றி இவை ஐயத்துக்கு இடமில்லாதவை. எந்த எண்ணையாவது வைத்து அவரை அளக்க வேண்டும் என்றால் எனக்கு அந்தப் பதினெட்டு ஆண்டு இடைவெளிதான் பெரிதாகத் தெரிகிறது. அந்த இடைவெளியில் விளையாட்டின் விதிகளே மாறின. சக வீரர் பின்னோக்கி உதைத்துக் கொடுக்கும் பந்தை கோல்கீப்பர் கையால் எடுக்கக் கூடாது என்று 1992-ல் வந்தது. பின்னாலிருந்து முரட்டுத்தனமாக விழும் டேக்கிளுக்கு 1990-களில் கடுமை கூடியது. முழங்கையால் இடித்தும் பின்னாலிருந்து உதைத்தும் பிழைத்த பல டிஃபெண்டர்களுக்கு இந்த மாற்றங்கள் பெரிய அடியாக இருந்தன. முதலிலிருந்தே நிற்பதையும் பார்ப்பதையும் நம்பி ஆடியவருக்கு மாற்றிக்கொள்ள அதிகம் இருக்கவில்லை.

பாலன் டி'ஓர் பற்றிக் கேட்டீர்கள். 1994-லும் 2003-லும் மூன்றாம் இடம். 1994-ல் ஸ்டாய்ச்கோவும் ராபர்த்தோ பாஜ்ஜியோவும் முன்னே. 2003-ல் நெட்வெட்டும் தியரி ஆன்றியும். டிஃபெண்டர்களுக்கு அந்த விருது போனது மிகச் சிலமுறைதான்: பெக்கன்பவர், சம்மர், 2006-ல் கன்னவாரோ. அவர்களிலும் பெக்கன்பவரும் சம்மரும் பந்தோடு முன்னேறி ஆடியவர்கள். ஓட்டுப் போடுகிறவர்கள் எதை நினைவில் வைத்திருக்கிறார்கள் என்பதைத்தான் இது காட்டுகிறது. வாங்கியிருக்க வேண்டுமா என்றால், 1994-ல் அவருக்குக் கொடுத்திருக்கலாம் என்பது என் கட்சி. இதில் நான் தவறாகவும் இருக்கலாம். ஸ்டாய்ச்கோவ் அந்த ஆண்டு பல்கேரியாவை உலகக் கோப்பை அரையிறுதிவரை கொண்டுபோனவர்.

ஓய்வுக்குப் பிந்தைய கதையைச் சுருக்கமாகச் சொல்கிறேன், நீங்கள் கேட்கவில்லை என்றாலும். 2009-ல் சொந்த மைதானத்தில் ரோமாவுக்கு எதிரான கடைசி ஆட்டத்தில் ரசிகர்களில் ஒரு கூட்டம் அவரைப் பார்த்து விசில் அடித்துக் கேலி செய்தது. பழைய கேப்டன் பரேசியின் பெயரைச் சொல்லி உசுப்பியது. ஒரு வாரம் கழித்து ஃபிளாரன்ஸில், எதிரணி ரசிகர்கள் எழுந்து நின்று கைதட்டி வழியனுப்பினார்கள். 2018-ல் நிர்வாகியாக மிலானுக்குத் திரும்பினார், தொழில்நுட்ப இயக்குநராக 2022 லீக் பட்டத்தில் பங்கு பெற்றார், அடுத்த ஆண்டு ஜூனில் விலக்கப்பட்டார். மூன்றாம் எண் சட்டையை அவருடைய மகன்களைத் தவிர யாருக்கும் கொடுப்பதில்லை என்று அணி முடிவு செய்தது. மகன் டேனியல் தேர்ந்துகொண்டது முன்கள ஆட்டம். 2024 அக்டோபரில் அவர் இத்தாலித் தேசிய அணிக்கு முதல் முறை இறங்கியது உடினே நகரில், அப்பா 16 வயதில் மிலானுக்காக முதல் ஆட்டம் ஆடிய அதே ஊரில்.

இனி உங்கள் விஷயத்துக்கு வருகிறேன் தம்பி. உங்கள் பயிற்சியாளர் டேக்கிளை எண்ணுவது முற்றிலும் தவறு என்று சொல்லமாட்டேன். நான் உங்கள் ஆட்டத்தைப் பார்த்ததில்லை. நீங்கள் மோதத் தயங்குகிற ஆளாக இருந்தால், அதைப் போக்க அவர் கைக்கொண்ட வழியாக அது இருக்கலாம். முதலில் அதை அவரிடமே கேளுங்கள்: நான் எந்த இடத்தில் போட்டிருக்க வேண்டும், எந்தப் பந்தை விட்டேன் என்று குறிப்பாகக் கேளுங்கள். அவர் இடத்தைக் காட்டினால் அவர் சொல்வதைக் கேளுங்கள். எண்ணை மட்டும் சொன்னால், வேறு ஒரு கணக்கை நீங்களே வைத்துக்கொண்டு அவரிடம் காட்டுங்கள். நான் என் பிள்ளைகளுக்குக் கொடுக்கும் கணக்கு இது. உங்கள் பக்கத்து விங்கருக்கு ஒரு பாதி ஆட்டத்தில் பந்து எத்தனை முறை வந்தது, அதில் எத்தனை முறை அவர் முன்னோக்கித் திரும்பினார், எத்தனை முறை வந்த வழியே திருப்பி அனுப்பினார். ஓரத்தில் உட்காரும் நண்பர் ஒருவரிடம் தாளும் பென்சிலும் கொடுத்தால் போதும்.

பார்க்க ஓர் ஆட்டமும் சொல்கிறேன். 1994 ஏதென்ஸ் இறுதியை முழுதாகப் பாருங்கள், கோல் தொகுப்பு வேண்டாம். முதல் முறை சும்மா பாருங்கள். இரண்டாம் முறை பார்சிலோனா நடுகளத்தில் யாராவது தலை நிமிரும்போதெல்லாம் படத்தை நிறுத்துங்கள். மிலானின் ஆறாம் எண் சட்டையைத் தேடுங்கள், அன்று மால்டினி போட்டிருந்தது அதைத்தான். திரையில் இருந்தால் அவர் எந்தப் பக்கம் உடலைத் திருப்பியிருக்கிறார், ரொமாரியோவுக்கு எவ்வளவு தள்ளி நிற்கிறார் என்று பார்த்து, பந்து அடுத்து எங்கே போகும் என்று ஊகித்துவிட்டு ஓடவிடுங்கள். முதல் பத்து முறை தப்பாகத்தான் ஊகிப்பீர்கள், நானும் அப்படித்தான் தொடங்கினேன். அரை மணிநேரம் போன பிறகு எத்தனை சரியாக வந்தது என்று இங்கேயே எழுதுங்கள், அதிலிருந்து மேற்கொண்டு பேசலாம்.